வலிக்காத இடம்

டாக்டர் "இன்சுலின்" என்று சொல்லி வாயை மூடவில்லை, கோச்சம்மா எழுந்து நின்று காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்துவிட்டாள்.

"உக்காரும்மா," என்றார் அவள் கணவர்.

"எதுக்கு? எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. மொதல்ல ஊசி. அப்புறம் விரல். அப்புறம் காலு. நான் வரேன் டாக்டர்."

பொது நீச்சல் குளத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆழமான பக்கத்தின் ஓரத்தில் இரும்பு ஏணி வைத்த ஓர் உயர நாற்காலி உண்டு. வாயில் விசிலோடு அதில் உட்கார்ந்தபடி, தண்ணீரில் கிடக்கிற அத்தனை தலைகளையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவாள். நீச்சல் சொல்லித்தரும் கோச்சும் அவள்தான்; அவளிடம் திட்டு வாங்காமல் அந்த ஊரில் யாரும் நீந்தக் கற்றதில்லை. அவள் கணவர் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி சோபா தைக்கிற கடை வைத்திருந்தார். ஊருக்கு அவர் மெத்தைக்காரர். "ஊர்ல பாதிப் பேர் உக்கார்றது என் தயவுல, மீதிப் பேர் மிதக்கறது இவ தயவுல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோச்சம்மாவுக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, அதற்கு மேல் கூட்ட மாத்திரை இல்லை என்ற இடத்துக்கு வந்து நின்றிருந்தது. குளத்தின் டைல்ஸ் விளிம்பில் உரசிய குதிகால் புண் வேறு மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. "உங்க அண்ணன் எப்ப ஊசி ஆரம்பிச்சாரு?"

"விரல் கறுத்த பிறகு."

"அதுக்கு முன்னாடி வேண்டாம் வேண்டாம்னு எத்தனை வருஷம் தள்ளினாரு?"

கோச்சம்மா துழாவிய செருப்பை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"ஊசி அவர் காலை எடுக்கலம்மா. ஊசி வர்றதுக்கு லேட்டாச்சு. அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அவள் காதில் ஏறியதோ இல்லையோ, மெத்தைக்காரரின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. மைத்துனரின் வீட்டில் கட்டிலோரம் ஒற்றைச் செருப்பு கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். சர்க்கரை ஏறிவிடக் கூடாது. ஏறினால் கால் போய்விடும். வேறு எந்தத் திசையிலிருந்தும் ஆபத்து வரலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த அறையில் சிஸ்டர் பேனா மாதிரி இருந்த ஊசியைக் கழற்றி மாட்டிக் காட்டினாள். அடிமுனையைத் திருகினால் சின்ன ஜன்னலில் எண் மாறும். பத்து யூனிட்டில் ஆரம்பிக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ஊசி. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். அளவுக்குள் வரவில்லை என்றால் மூன்று நாளைக்கு ஒரு தரம் இரண்டிரண்டாக ஏற்ற வேண்டும்.

"தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளிப் போடுங்க. தொடையிலயும் போடலாம். ஆனா தினம் இடம் மாத்துங்க. ஒரே இடத்துல குத்தக் கூடாது, சரியாண்ணே?"

"சரி சிஸ்டர்."

"சர்க்கரை இறங்கிட்டா வேர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், காரணமில்லாம கோவம் வரும். உடனே சர்க்கரைத் தண்ணி கொடுங்க. நினைவு இல்லேன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

மெத்தைக்காரர் இதற்கும் தலையாட்டினார். மனம் மட்டும் அங்கே இல்லை. சர்க்கரை இறங்குவதாவது! இறங்கத்தானே இத்தனை பாடு!

கோச்சம்மா சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "போடறதுன்னா இவரே போடட்டும். நான் அந்தப் பேனாவைக் கையால தொடமாட்டேன்," என்றாள். அதுவே பெரிய சம்மதம் என்று மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் சில நாட்கள் ரணகளமாகத்தான் போயின. உச்சிப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதிக்கிற பெண், மயிரிழை ஊசியைக் கண்டதும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரு நாள் துள்ளினாள், ஊசி வளைந்தது. இன்னொரு நாள் துளி ரத்தம் வந்து உடை கறைபட்டது. அவர் கைக்குத் துணிவு வரவில்லை. தடித்த தோலையும் கான்வாஸையும் நாள் முழுக்கக் குத்துகிற கைதான். ஆனால் மெத்தை "ஐயோ" என்று கத்துவதில்லையே.

அப்புறம் ஒரு நாள் தொப்புளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே குத்தினார். அவள் அசையவில்லை.

"என்ன, யோசிச்சுட்டே இருக்கீங்க? போடுங்க."

"போட்டாச்சு."

"பொய் சொல்லாதீங்க."

"நிஜமா. பாரு, ஊசியைக் கழட்டிட்டேன்."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளும் அதே இடம். அதற்கு அடுத்த நாளும். நடுவில் ஒருமுறை, சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்து, வலப்பக்கம் போட்டுப் பார்த்தார். "உயிர் போகுது, பழைய இடத்துலயே போடுங்களேன்" என்று அவள் கத்தினாள். போகப் போக அவளே உடையை விலக்கி, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்தாள். அங்கே உணர்ச்சியே இல்லாமல் போயிருந்தது. வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூட வந்துவிட்டது: வலிக்காத இடம்.

சில மாதங்களில் அந்த இடம் மெல்ல உப்பியது. தொட்டால் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. மெத்தைக்காரர் அதைத் தடவிப் பார்த்து, "சதை போட்டுட்ட. உடம்பு தேறுது," என்றார். அவளும் நம்பினாள்.

சர்க்கரையோ வேறு கதை சொன்னது. ஆரம்பத்தில் இறங்குகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறியது. சிஸ்டர் சொன்ன சொல் தவறாமல் அவர் இரண்டிரண்டாகக் கூட்டினார். இருபது வந்தது. முப்பது வந்தது. காலையில் விரலைக் குத்தினால் மெஷின் இருநூற்றைத் தாண்டிக் காட்டும். நாற்பது வந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்கீங்களாம்மா?"

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் கிடக்கேன்," என்றாள் கோச்சம்மா வெடுக்கென்று.

"ஊசியை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாள் தவறினது கிடையாது டாக்டர்," என்றார் மெத்தைக்காரர். அது உண்மை. எங்கே போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது. அளவை இன்னும் கூட்டச் சொல்லி அனுப்பினார்கள்.

சந்தேகம் வீட்டுக்குள் நுழைந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் அவள் கைப்பையைத் துழாவினார். பிஸ்கட் காகிதம் கிடக்கிறதா என்று குப்பைக் கூடையைக் கிளறினார். துவட்டின தலையோடு அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு ரசீது."

"என்னைத் திருடியாக்கிட்டீங்க," என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊசி நேரத்தில் மட்டும் மௌனமாக வந்து அந்த இடத்தைக் காட்டினாள்.

இந்தச் சமயத்தில் பார்த்து அவள் அண்ணன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் சாய்ந்து, தங்கையின் குதிகாலில் சுற்றியிருந்த கட்டுத் துணியை நெடுநேரம் பார்த்தார். "இப்ப எத்தனை போடறீங்க மாப்ளே?" என்றார்.

"ஐம்பத்து நாலு."

அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு நாப்பதுலயே கால் போச்சு."

அவர் போன பிறகும் அந்தச் சொல் வீட்டை விட்டுப் போகவில்லை. மெத்தைக்காரர் சாப்பிடும்போது கேட்டது, கடையில் நூலைக் கோர்க்கும்போது கேட்டது. கோச்சம்மா உறங்கின பிறகு போர்வையை விலக்கி அவள் கால் விரல்களின் நிறத்தைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று.

அந்த வாரம் டாக்டர் விடுப்பில் இருந்தார். புண்ணுக்குக் கட்டு மாற்றப் போன இடத்தில், சிஸ்டர் கோச்சம்மாவைப் பெஞ்சில் படுக்க வைத்தாள். கட்டு போட்டு முடித்து, எழுப்பக் கை கொடுத்தபோது உடை விலகி அந்த மேடு தெரிந்தது. சிஸ்டரின் கை நின்றது.

"இது என்ன?"

"எது?"

"இது. இந்த வீக்கம்." சிஸ்டர் இரண்டு விரலால் அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து மெத்தைக்காரரைப் பார்த்தாள். "ஊசி எங்க போடறீங்கண்ணே?"

அவர் பதில் சொல்வதற்குள் கோச்சம்மாவே சொன்னாள். "அங்கதான். அங்க போட்டா வலிக்கவே வலிக்காது சிஸ்டர்."

"எப்பவும் அங்கயேவா?"

கோச்சம்மா தலையாட்டினாள். சிஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கொழுப்பு திரண்டு கட்டியாகிவிட்டது, ஊற்றுகிற மருந்தெல்லாம் அதற்குள் தேங்கிக் கிடக்கிறது, அது இஷ்டப்பட்டபோது கொஞ்சம் கசிகிறது, மற்றபடி உடம்பில் சேர்வதில்லை என்று விளக்கினாள். "இனிமே இந்தக் கட்டிக்குப் பக்கத்துல ஊசி போகவே கூடாது. தொடையில போடுங்க, வலப்பக்கம் போடுங்க, தினம் மாத்துங்க."

மெத்தைக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வலிக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் இத்தனை மாதமும் அவளுக்கு மருந்து போகவிடாமல் தடுத்திருக்கிறது. அவள் பையைத் துழாவியதும் சேர்ந்து நினைவுக்கு வந்து குத்தியது. கோச்சம்மா வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டத் தொடங்கினாள்.

சிஸ்டர் பின்னாலேயே வந்து நடைவழியில் அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, முக்கியமான விஷயம். புது இடத்துல மருந்து முழுசா ஏறும். அதனால அளவைக் குறைக்கணும். இன்னைக்குப் பத்து குறைச்சு, நாப்பத்து நாலு போடுங்க. டாக்டர் வந்ததும் மிச்சத்தைப் பாத்துக்கலாம். காலைல எத்தனை காட்டுதுன்னு எனக்கு போன் பண்ணுங்க. மறந்துடாதீங்க."

"சரி சிஸ்டர்," என்றார் அவர்.

அன்று குளத்தில் ஒரு ஊழியருக்குப் பிரிவுபசாரம். கோச்சம்மா சின்னத் துண்டு கேக் தின்றுவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே அதைச் சொன்னாள். "கிள்ளின அளவுதான். அப்புறம் குப்பையைக் கிளறாதீங்க." மெஷின் முந்நூற்றை நெருங்கிக் காட்டியது. கட்டுத் துணியில் மஞ்சளாய் ஈரம் ஊறியிருந்தது.

அவர் பேனாவை எடுத்துத் திருகினார். ஜன்னலில் நாற்பத்து நான்கு வந்தது. நிறுத்தினார்.

இத்தனை மாதமாக எல்லோரும் கூட்டு, கூட்டு என்றார்கள். இன்றைக்கு முந்நூறு காட்டுகிறது, இன்றைக்குப் போய்ச் சிஸ்டர் குறை என்கிறாள். இதுவரை போட்டதெல்லாம் கட்டிக்குள் வீணாய்ப் போனது என்றால், உடம்புக்கு மருந்து பாக்கியல்லவா? லேட்டாச்சு, அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன குரல் கேட்டது. எனக்கு நாற்பதிலேயே போச்சு என்ற குரலும் கேட்டது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தார். விரல் தானாகத் திருகியது. ஐம்பத்து நான்கு.

வலது தொடையில் குத்தினார். அவள் "அம்மா!" என்று அலறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறது, அப்படியென்றால் ஏறுகிறது என்று அவருக்குள் ஒரு கொடூரமான நிம்மதி பரவியது.

விடிந்து அவளை எழுப்பப் போனபோது தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. "என்ன கெட்ட கனவு," என்றாள் அவள், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "குளத்தோட அடியில படுத்திருக்கேன். மேல எல்லாரோட பாதமும் தெரியுது. விசில் ஊதறேன், குமிழிதான் வருது." அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, இந்தப் புழுக்கத்தில் வேர்க்காமல் என்ன செய்யும் என்றார். விரலைக் குத்தினார்.

மெஷின் நூற்றுப் பத்து காட்டியது.

அவர் நம்பாமல் இன்னொரு விரலைக் குத்தினார். அதேதான். இரண்டு பேரும் அந்தக் குட்டி மெஷினைப் பரிசு விழுந்த சீட்டு மாதிரி கையில் வைத்துப் பார்த்தார்கள். மனக்கசப்பெல்லாம் ஒரு நொடியில் பறந்துவிட்டது. "வலிச்சாலும் பரவால்ல, இனி தொடையிலயே போடுங்க," என்றாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார். கால் தரையில் பாவவில்லை அவருக்கு.

சிஸ்டருக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னார்.

"ரொம்ப நல்லதுண்ணே. பத்து குறைச்சுத்தானே போட்டீங்க?"

மெத்தைக்காரர் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே கோச்சம்மா ஏதோ முனகலாகப் பாடிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் சிஸ்டர் திட்டுவாள், குறைக்கச் சொல்வாள், மறுபடி முந்நூறு ஏறும்.

"ஆமா சிஸ்டர்."

"அப்ப அந்த அளவையே போடுங்க. நாளைக்கும் சொல்லுங்க."

அன்று சாயங்காலமும் ஐம்பத்து நான்கு. இடது தொடை.

மறுநாள் காலை கோச்சம்மா எழுந்ததே சரியில்லை. துண்டு மடித்து வைத்த இடத்தில் இல்லை என்று ஆரம்பித்தாள். அது வாக்குவாதமாகி, துண்டிலிருந்து கைப்பைக்கும், கைப்பையிலிருந்து முப்பது வருஷத்துக் கதைக்கும் போயிற்று. மெஷின் எழுபதைக் காட்டியது. எழுபது என்றால் இன்னும் நல்லது என்று அவர் கணக்குப் போட்டார். அவள் காலை மாத்திரையை விழுங்கி, ரொட்டியில் ஒரு கடி கடித்து, "இதென்ன மரத்தூளா?" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். கதவு படாரென்று சாத்தியது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றதை அவர் பார்த்தார். கோபத்தில் வேர்க்கிறது என்று நினைத்தார். வேர்வையும் கோபமும் சேர்ந்து வந்தால் என்ன என்று சிஸ்டர் சொன்னது அவர் மண்டையில் எங்கோ அடியில் கிடந்தது. மேலே வரவில்லை.

நடுக்காலையில், கடையில் ரப்பர் மெத்தையை வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் வந்தது.

"ஏங்க, குளத்துல தண்ணி விட்டாச்சா?" குரல் இழுத்து இழுத்து வந்தது, வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல.

"என்ன கேக்கற? நீ எங்க இருக்க?"

"மேல."

"மேலன்னா? நாற்காலியிலயா?"

"தண்ணியே இல்லங்க... எல்லாரும் நடந்துதான் போறாங்க." ஒரு சிரிப்பு. அவள் சிரிப்பு அல்ல அது. பிறகு ஏதோ கீழே விழுந்து தெறிக்கிற சத்தம், தொடர்பு அறுந்தது.

வேர்வை, கோபம், நடுக்கம், பசி என்று சிஸ்டரின் குரல் வரிசையாக மேலே வந்தது. கத்தரியைப் போட்டுவிட்டு, பக்கத்து டீக்கடைப் பலகையிலிருந்த சர்க்கரை டப்பாவைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு ஓடினார். அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே இருந்தது.

வாசலில் டிக்கெட் கொடுக்கிற பெண் வழிமறித்தாள். "கோச்சம்மாவைப் பாக்கணுமா? இன்னைக்குப் பக்கத்துல போகாதீங்க, எல்லாரையும் கடிச்சுக் குதறிட்டாங்க." அவர் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

குளம் வெயிலில் அமைதியாகப் பளபளத்தது. தூரத்து ஓரத்தில் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் பக்கம் பக்கமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். உயர நாற்காலியில் கோச்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விசில் வாயில் இருந்தது. கண் திறந்து தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் போன் கீழே டைல்ஸ் தரையில் சிதறிக் கிடந்தது. எல்லாம் வழக்கம் போல் இருப்பதாகவே யாருக்கும் தோன்றும்.

அவள் கண்ணுக்கு நேர் கீழே, ஆழத்தில், ஒரு பெண் செங்குத்தாக மிதந்துகொண்டிருந்தாள். நீந்தக் கற்க வந்து கொஞ்ச நாளே ஆன கணக்காளர் அவள். கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வந்தது, மறுபடி முழுகியது. முடி முகத்தில் ஒட்டியிருந்தது. முழுகுகிறவர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று கோச்சம்மா ஆயிரம் தரம் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்.

"கீழே பாரு!" என்று அலறினார். நாற்காலியில் இருந்தவள் திரும்பவில்லை. அவள் உடம்பு மெதுவாக இடப்பக்கம் சாயத் தொடங்கியது.

மெத்தைக்காரருக்கு நீந்தத் தெரியாது. ஏணியைப் பிடித்து ஏறினால் மனைவியைத் தாங்கிவிடலாம். நாலே எட்டு. தண்ணீரில் இருந்தவளின் வாய் இந்தத் தடவை மேலே வரவில்லை.

அவர் நாற்காலிக்கு முதுகைக் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த நீளக் கழியைப் பிடுங்கி ஆழத்துக்குள் நீட்டியபடி கல்லூரிப் பெண்களைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினார். கழி அந்தப் பெண்ணின் தோளில் பட்டது. அவள் பிடிக்கவில்லை. மறுபடி நீட்டினார். அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஈர மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவர் திரும்பவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி அம்பு மாதிரி வந்து, முழுகி, கணக்காளரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிய பிறகுதான் கழியை விட்டார்.

கோச்சம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பு பனிக்கட்டியாகச் சில்லிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து எடுத்தது போல நனைந்திருந்தது. பல் கிட்டியிருந்தது. அவர் சர்க்கரை டப்பாவைத் திறந்தார். கை நிறைய அள்ளினார். வாயில் எதையும் ஊத்தாதீங்க. அள்ளின கை அப்படியே நின்றது. விரலிடுக்கில் சர்க்கரை ஒழுகி ஈரத் தரையில் கரைந்தது. மருந்து கையில் இருந்தும் கொடுக்க வழியில்லாமல் அவர் அவள் தலைமாட்டில் மண்டியிட்டுக் கிடந்தார். டிக்கெட் பெண் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கணக்காளர் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் விரலைக் குத்திப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில், யாரோ விளக்குப் போட்ட மாதிரி, அவள் கண்ணுக்குள் ஆள் வந்தாள். எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. தோள் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"ஆழத்துல யாரு?" என்றாள்.

கோச்சம்மாவுக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்திருந்தது. கணக்காளர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வீட்டுக்குப் போனாள். குளத்துப் பக்கம் அவள் அப்புறம் வரவில்லை. நிர்வாகத்திலிருந்து ஆள் அனுப்புவதற்கு முன்னாலேயே, "இனி நான் மேல ஏறமாட்டேன். வேற ஆளைப் போடுங்க," என்று கோச்சம்மா சொல்லி அனுப்பிவிட்டாள்.

டாக்டர் விடுப்பு முடிந்து வந்ததும் இருவரையும் அழைத்தார். சிஸ்டர் அலமாரியை ஒட்டி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இடத்தை மாத்தச் சொல்லியிருக்கீங்க," என்றார் டாக்டர் அவளிடம். "அளவைக் குறைக்கச் சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே," என்றாள் கோச்சம்மா. கையைத் துணியில் தூக்கிக் கட்டியிருந்தாள். "இடத்தை மாத்துங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க."

"ஐம்பத்து நாலு தொடையில போயிருக்கு. ரெண்டு நாளா. சும்மா விடற விஷயமா இது?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "சொன்னதுக்கு யாரு சாட்சி?"

சிஸ்டர் மெத்தைக்காரரைப் பார்த்தாள். கேட்கிற பார்வையாகக்கூட இல்லை அது. இவர் என்ன செய்வார் என்று முன்பே முடிவு கட்டிவிட்ட பார்வை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி அந்தப் பக்கம் போய்விடும். வீட்டில் ஒன்றும் ஆகாது. கோச்சம்மா அவரை என்றைக்கும் போலவே பார்ப்பாள். அந்த நினைப்பு அவருக்கு வராமல் இல்லை.

"நான்தான் சாட்சி," என்றார். "சொன்னாங்க. நடையில நிறுத்தி வெச்சு எங்கிட்ட சொன்னாங்க. போன்லயும் கேட்டாங்க. குறைச்சுட்டேன்னு பொய் சொன்னேன்."

கோச்சம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"ஏன்?"

எத்தனையோ சொல்ல நினைத்தார். "உன் கால்," என்று மட்டும் வந்தது.

அவள் தன் குதிகாலைக் குனிந்து பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "இனிமே எத்தனை போடணும்?" என்று கேட்டாள்.

பாதியாகக் குறைத்தார்கள். அந்தப் பாதியிலேயே சர்க்கரை அடங்கியது. மாதம் திரும்புவதற்குள் குதிகால் புண் ஓரம் சுருங்கி, மூடி, இளஞ்சிவப்புத் தோல் வந்தது. அவள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார். மெத்தைக்காரர் எதற்குப் பயந்தாரோ அது வரவில்லை.

டாக்டர் அளவைக் குறைத்த அன்றைக்கே அந்த அறையில் அவள் சிஸ்டரிடம் நல்ல கையை நீட்டியிருந்தாள். "அந்தப் பேனாவைக் கொடுங்க. எப்படிப் போடறதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க."

"அண்ணே போடுவாரில்ல?" என்று சிஸ்டர் இழுத்தாள்.

"அவர் வெளியில இருக்கட்டும்."

இப்போதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கோச்சம்மா பேனாவோடு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். சண்டை இல்லை, சாடைப் பேச்சு இல்லை. அவருக்குத் தட்டு வைக்கிறாள், குளத்து ஆழமில்லாத பக்கத்தில் அன்றைக்குக் கற்க வந்தவர்களின் கூத்தைச் சொல்கிறாள், சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கதவு சாத்தியிருக்கும். மெத்தைக்காரர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லையே என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் எழுந்து போய்க் கதவில் விரலால் தட்டினார்.

"எத்தனை வெச்சிருக்க?"

உள்ளே பேனா திருகுகிற சத்தம் நின்றது.

"இடத்தை மாத்தினியா?" என்றார்.

"நீங்க போய்ச் சாப்பிட உக்காருங்க," என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

அவர் போய் உட்கார்ந்தார்.